குடைப்பிடியில் ஒரு றிபன்

சென்ற மாசி மாதத்தில் ஒருநாட் காலை, வழக்கம்போலக் குடையும் கையுமாய்ப் பாடசாலை வாயிலிற் புகுந்தேன். ஆறாம் வகுப்புச் சிறுமியர் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு நகைத்தனர். வேட்டித் தலைப்பை நோக்கினேன், சால்வையைத் தொட்டுப் பார்த்தேன், குறையொன்றுங் காணேன். ஆசிரியர் அறையிற் குடையைச் சுவரோடு சாத்தும்போதுதான் காரணம் புலனாயிற்று. அதன் வளைந்த பிடியில், இளஞ்சிவப்பு நிறத்தில், இரண்டு காதும் இரண்டு வாலும் உடைய றிபன் முடிச்சொன்று வண்ணாத்திப்பூச்சி போல அமர்ந்திருந்தது.

முதனாள் இரவு யான் தங்கியது படுவான்கரையில் உள்ள என் தமக்கையார் வீட்டில். அங்கே அவருடைய பேர்த்தி இருக்கிறாள். உயர்தர வகுப்பிற் கற்கும் பதினெட்டு வயதுப் பெண். அன்று மாலை மண்முனைப் பாலத்தால் மீண்டும் வாவியைக் கடந்து, குற்றவாளியை விசாரிக்கச் சென்றேன். சென்ற இடத்தில் என் குடை தனித்த பலியன்று என்பது தெரிந்தது. கன்றுக்குட்டியின் கழுத்தில் ஒரு முடிச்சு. நீர்க்குடத்தின் கழுத்தில் ஒன்று. தமக்கையாரின் வெற்றிலை வட்டாவின் காலில் ஒன்று. அவளோ மெல்லிய பின்னல் வேலை செய்த வெள்ளைச் சட்டையும், காதிற் சிறு முத்தும், கூந்தலில் அகன்ற றிபனுமாய் வந்து நின்றாள்.

"அதென்ன புள்ள, ஊரெல்லாம் முடிச்சு?" என்றேன்.

"அது கொக்கெற், தாத்தா. உங்களுக்கு விளங்காது" என்றாள்.

விளங்காது என்று மாணாக்கர் சொல்லக் கேட்டுப் பொறுத்திருத்தல் ஆசிரியர்க்கு இயலாத செயல். ஆகவே விளங்கிக்கொள்ள முற்பட்டேன்.

கொக்கெற் என்பது இற்றை நாளில் இணையத்தின் வாயிலாக உலகெங்கும் உள்ள இளம்பெண்களிடையே பரவிய ஒப்பனை முறை. இளஞ்சிவப்பும் வெண்மையும் அதன் நிறங்கள். பின்னற் கரை, முத்து, பலே நடனப் பெண்களின் மெல்லிய காலணி, எல்லாவற்றிற்கும் மேலாக றிபன் முடிச்சு ஆகியன அதன் அடையாளங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரண்மனைப் பெண்களின் கோலத்தை இது கனவுபோல நினைவுகூர்கிறது. 2020 ஐ அடுத்த ஆண்டுகளில் ரிக்ரொக் முதலான தளங்களிற் பெருகியது. 2023 ஆம் ஆண்டிற் பார்பி என்னும் திரைப்படம் உலகத்துக் கடைகளையெல்லாம் இளஞ்சிவப்பாக்கியபோது இதுவும் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டின் இறுதியிற் சிலர் வேடிக்கையாகப் பனிக்கட்டித் துண்டுக்கும் பொரித்த கோழித் துண்டுக்கும் றிபன் கட்டிப் படம் வெளியிட்டனர். என் குடை அவ்வரிசையிற் காலந்தாழ்த்திச் சேர்ந்தது போலும்.

சொல்லின் வரலாறு சுவையுடையது. பிரெஞ்சு மொழியிற் 'கொக்' என்றாற் சேவல். அதிலிருந்து பிறந்த 'கொக்கே' என்பது சிறு சேவல்போல நெஞ்சு நிமிர்த்தித் தன்னழகு காட்டித் திரிபவனைக் குறித்தது. அதன் பெண்பால் வடிவமே கொக்கெற். மினுக்கித் திரிதல் பெண்ணின் இயல்பென்று உலகம் பழிக்கிறது. அப்பழிச்சொல்லே ஆணினத்துப் பறவையிடம் இரவல் பெற்றது! தோகையும் கொண்டையும் இயற்கை யாருக்கு வழங்கிற்றென்று நம் வீட்டு முற்றத்துக் கோழிகளைப் பார்த்தாலே தெரியும். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னன் ஆண்ட பதினேழாம் நூற்றாண்டிலே ஆடவரே காற்சட்டை நிறைய றிபன் தொங்கவிட்டுக் குதியுயர்ந்த காலணி அணிந்து திரிந்தனர். இளஞ்சிவப்பு ஆண்குழந்தைக்கும் நீலம் பெண்குழந்தைக்கும் ஏற்றதென்று 1918 ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகச் சஞ்சிகை ஒன்று எழுதியது. அத்துணைத் தூரம் போவானேன்? நம் வடமோடி தென்மோடிக் கூத்துக்களிற் பெண்பாத்திரம் ஏற்று ஆடியவர் வழிவழியாக ஆடவரே. பகலில் ஏர்பிடித்த கை இரவில் வளையணிந்து களரி ஏறும், ஊர் கண்கொட்டாது பார்த்திருக்கும், எவரும் நகைப்பதில்லை.

நிற்க. மறுநாள் ஆசிரியர் அறையில் இதுபற்றி வழக்கொன்று மூண்டது. முதிய நண்பர் ஒருவர், "பெண்பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்" என்று இரண்டு சொல்லில் முடித்தார். அவர் எதையும் இரண்டு சொல்லில் முடிப்பவர். இளம் ஆசிரியை ஒருவரின் மறுப்பு வேறு வகையானது. அதைப் புறக்கணிக்க முடியவில்லை. "சேர், எங்கட அம்மாமார் படித்து, வேலைக்குப் போய், தனியப் பயணம் செய்து, ஒரு நிலைக்கு வந்தார்கள். இந்தப் பிள்ளைகள் திரும்பவும் பொம்மையாகப் பார்க்கிறார்கள். ஒப்பனையெல்லாம் ஆணின் கண்ணுக்குத்தானே?" என்று கேட்டார்.

ஆணின் கண்ணுக்குத்தானா? இவ்வினா என்னை ஒரு கிழமை உறங்கவிடவில்லை. பண்டிதனுக்கு உறக்கம் வராவிட்டால் ஏடு புரட்டுதல் வழக்கம்.

குறிஞ்சிப்பாட்டை எடுத்தேன். கபிலர் அதில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொல்வது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. யான் பல ஆண்டுகளாக அப்பட்டியலை மனனஞ் செய்வித்திருக்கிறேன். செய்யத் தவறியவரை எழுப்பியும் நிறுத்தியிருக்கிறேன். ஆயினும் அப்பூக்களைப் பறித்தவர் யார், எப்பொழுது, எதற்காக என்று ஒருநாளும் வகுப்பில் வினவியதில்லை. தினைப்புனங் காக்கப்போன தலைவியும் தோழியும் அருவியில் நீராடுகின்றனர், கூந்தலை உலர்த்துகின்றனர், மனம்போனபடி பூப்பறித்துப் பாறையிலே குவிக்கின்றனர், தழையுடை புனைந்து உடுத்து, கோதை கட்டிக் கூந்தலிற் சூடிக்கொண்டு, அசோக மரத்து நிழலில் அமர்கின்றனர். தலைவன் அதற்குப் பின்னரே வருகிறான். அவ்வளவு பூவும் சூடி முடிந்தபோது அங்கே பார்க்க ஓர் ஆணும் இல்லை. இரண்டு பெண்கள், ஒரு மலை, ஓய்வான ஒரு பகல், அவ்வளவே.

சிலப்பதிகாரம் வேறு கதை சொல்லும். கடலாடு காதையில் மாதவி பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் ஆடி, அகிற்புகையில் உலர்த்திய கூந்தலை ஐம்பாலாக வகுத்து, விரல்முதல் தலைவரை அணி பூணுகிறாள். உரையாசிரியர் கூறும் முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்னும் ஐந்தையும் இன்றைய பெண்கள் கேட்பாராயின், கொக்கெற்றை நாளையே கைவிடுவர். ஆனால் மாதவி அத்தனையும் அணிவது ஊடிய கோவலனை மகிழ்விக்க. அங்கே ஒப்பனை ஒரு பணி. இளம் ஆசிரியையின் ஐயம் அவ்விடத்திற் பொருந்துவதே.

கோவலனைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேற்செல்ல இயலவில்லை. மனையறம்படுத்த காதையிலே கண்ணகியைப் பாராட்டுகையில், இயற்கையழகு நிறைந்த உனக்கு மங்கல அணி ஒழிந்த பிற அணிகளைப் பூட்டியவர் அவற்றாற் பெற்ற பயன் யாதென்று வினவுகிறான். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! அப்படிச் சொன்னவன்தான் அணியே வடிவான மாதவியின் வாயிலிற் போய் நின்றான். பெண்ணுக்கு அணி வேண்டாமென்று மேடையிற் பேசும் ஆடவரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இவ்விடம் நினைவுக்கு வருவதுண்டு.

அவன் பிரிந்தபின் கண்ணகி என்ன செய்தாள்? காற்சிலம்பைக் கழற்றினாள், மேகலையை நீத்தாள், குங்குமமும் குழையும் ஒழித்தாள், கூந்தலுக்கு நெய்யும் இடவில்லை. மங்கல அணி ஒன்று மட்டும் எஞ்சியது.

இவ்வடிகளை யான் முப்பது ஆண்டுகளாகப் படிப்பித்து வருகிறேன். கற்பின் மாண்பு என்று தலைப்பிட்டுக் குறிப்பும் எழுதிக்கொடுத்திருக்கிறேன். என் தமக்கையாரின் வரலாற்றை எழுதத் துணிந்த இப்பொழுது அக்குறிப்பைத் திருத்த வேண்டியவனாகிறேன்.

1990 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வயலுக்குச் சென்ற என் அத்தான் வீடு மீளவில்லை. தமக்கையாருக்கு அப்பொழுது இருபத்தொன்பது வயது. மடியில் ஐந்து வயது மகள். தேடாத இடமில்லை, எழுதாத மனுவில்லை. இப்பகுதியில் இவ்வாறு காத்திருந்த பெண்கள் பலர். பலர் இன்னும் காத்திருக்கின்றனர். காணாமற்போனவர் இறந்தாரென்று கூறாது, காணப்படவில்லை என்று மட்டுங் கூறும் சான்றிதழ் வழங்கச் சட்டம் இடஞ்செய்தது 2016 ஆம் ஆண்டில்தான். ஊரின் சட்டமோ அதற்கு நெடுநாள் முன்னரே தன் தீர்ப்பைக் கூறிவிட்டது. பூ வைக்கலாகாது, பட்டு உடுக்கலாகாது, மங்கல காரியங்களில் முன்னிற்கலாகாது. பொட்டை மட்டும் அவர் விடவில்லை. ஒருநாள் அதையும் ஒருத்தி குத்திக்காட்டியபோது, "செத்தவரெண்டு ஆர் கண்டது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாராம்.

2005 ஆம் ஆண்டில் அவர் மகளுக்கு மணம் நடந்தது. ஆலாத்தி எடுக்கும் நேரம். தாய் முன்னே நின்றார். ஊரார் சிலர் முகத்தைத் திருப்பினர். அப்போது அவரண்டை சென்று, "அக்கா, நீங்க கொஞ்சம் உள்ளுக்க இருங்க" என்று சொன்னவன் வேறெவனுமல்லன்; யானே. தமிழ் படித்தவன், கண்ணகிக்கு உரை சொல்பவன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்று அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். மணமகளின் கூந்தலில் அன்று சூட்டிய பூவை விடியற்காலையில் எழுந்து கட்டியவர் அவரே.

அதே ஊரில் வைகாசி பிறந்தால் நாம் என்ன செய்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் இன்னும் பல ஊர்களிலும் கண்ணகையம்மன் கோயிற் கதவு திறக்கிறது. கணவனை இழந்து, அணிகளைந்து, மதுரையை எரித்தவளுக்குக் கலியாணக்கால் நட்டுச் சடங்கு செய்கிறோம். வழக்குரை பாடுகிறோம். குளிர்த்தி பாடி அவள் சினத்தை ஆற்றுகிறோம். தெய்வத்துக்கு ஆண்டுதோறும் மங்கலம் மீளுகிறது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தைந்து ஆண்டாகியும் ஒரு முழப் பூ மீளவில்லை.

இத்தனைக்கும் மட்டக்களப்பு நாடு பெண்ணை வறியவளாக வைத்த நாடன்று. இங்கே குடி தாய்வழி வருவது. மணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்தலும், வீடும் வளவும் மகளுக்குச் சேர்தலும் நெடுங்கால வழக்கம். கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பார் 1876 ஆம் ஆண்டில் முக்குவர் சட்டத்தை நூலாக வெளியிட்டபோது, தாய்வழி உரிமை கண்ட பிறநாட்டார் வியந்திருப்பர்; நம் பாட்டிமார்க்கு அதில் வியப்பொன்றும் இருந்திராது. அவர்கள் கூந்தல் நிறையப் பூவும் வைத்தார்கள். இடுப்பில் வீட்டுச் சாவியும் செருகியிருந்தார்கள். மென்மையான கோலம் பூண்டவள் அடிமையாவாள் என்பது இந்த வாவிக்கரையிற் செல்லாத கணக்கு. என் இளம் ஆசிரிய நண்பருக்கு யான் கூறிய விடைகளுள் ஒன்று இது. அவர் முழுவதும் ஒப்பவில்லை. சாவி இருந்தும் பூவை எடுக்கும் உரிமை ஊருக்கு இருந்ததே, அதற்கென்ன சொல்கிறீர் என்றார். அக்கேள்விக்கு விடை என்னிடம் இல்லை. அரிசி மூட்டைக்கருகில் அமர்ந்திருந்த உருவமே கண்முன் வந்தது.

றிபனையே எடுத்துக்கொள்வோம். நம் பெண்பிள்ளைகளுக்கு அது புதியதா? ஆறு வயதிலேயே இரட்டைப் பின்னலிட்டு மடித்துக் கட்டிவிடுகிறோம். பாடசாலைக்கொரு நிறம், அளவு பிசகினால் வாயிலில் நிறுத்தம். பல ஆண்டுகளின் முன் ஒழுக்காற்றுப் பொறுப்பிலிருந்த யானே ஒரு மாணவியின் பூப்போட்ட றிபனைக் காலைக் கூட்டத்தில் எல்லாரும் பார்க்கக் கழற்றுவித்தேன். மறுநாள் அவள் முறைப்படி கட்டி வந்தாள். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் என் வகுப்பில் அவள் வாய்திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அது எனக்கு அன்று வெற்றியாகத் தோன்றியது.

கட்டுவதும் பிறர் கை. அவிழ்ப்பதும் பிறர் கை. முதலிற் பள்ளி, பின்னர் மணவறை, அதன்பின் ஊர். இடையிலே, பதினெட்டு வயதில், ஒரு பெண் கண்ணாடி முன் நின்று தன் கையாலே தனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு முடிச்சுப் போடுகிறாள். அதை யார் பார்த்தாலென்ன, பாராவிட்டாலென்ன? கன்றுக்குட்டிக்கும் குடத்துக்கும் கட்டியவள் ஆடவரை மயக்கக் கட்டினாள் என்று எந்த வழக்கறிஞர் வாதிடுவார்? குறிஞ்சிப்பாட்டுப் பெண்கள் பாறையிற் குவித்த பூவுக்கும் இதற்கும் உறவுண்டு என்றே யான் கருதுகிறேன். இளம் ஆசிரியை இதற்கு நகைத்தார், ஒப்பினாரென்று சொல்லமாட்டேன்.

ஆயினும் பேர்த்தியிடம் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. அவற்றை அவளிடமே கூறினேன்.

ஒன்று நிறம். அவள் கைத்தொலைபேசியிற் காட்டிய படங்களில் வந்த பெண்கள் பெரும்பாலும் வெளுத்தவர், மெலிந்தவர், எந்நேரமும் அழுது ஓய்ந்தாற்போன்ற முகத்தவர். நம் பழம்புலவர் பெண்ணழகைச் சொல்ல எடுத்த நிறம் மாமை, மாந்தளிரின் நிறம். அது மாறி மேனி வெளிறினால் அதற்குப் பசலை என்று பெயர். அது பிரிவினால் வரும் நோய். இன்று அந்நோயை விலைகொடுத்துக் குப்பியில் வாங்கிப் பூசுகிறார்கள். இதைக் கேட்டு அவள் சிரித்தாள். கறுப்பினப் பெண்கள் பலர் இவ்வொப்பனை எமக்கும் உரியதென்று தாமே அணிந்து படம் வெளியிட்டிருப்பதை எடுத்துக் காட்டினாள். இளஞ்சிவப்பு அவர்கள் மேனியிற் கூடுதலாகவே ஒளிர்ந்தது. அவ்வளவில் யான் தோற்றேன், தோற்றதில் மகிழ்ந்தேன்.

மற்றது சந்தை. 'நீயாகவே தேர்ந்தாய்' என்று சொல்லி உலகத்திலுள்ள எல்லாப் பெண்களுக்கும் ஒரே முடிச்சை விற்கிறார்கள். ஆறு மாதத்தில் இது பழையதென்று சொல்லி அடுத்ததை விற்பார்கள். மோடி மாறும்போது கெடுவது அணிந்தவளின் பணம் மட்டுமன்று. இங்கிலாந்திலே கொவென்றி என்னும் நகரம் பட்டு றிபன் நெய்தே பல்லாயிரவருக்குச் சோறிட்டது. 1860 ஆம் ஆண்டிற் பிரான்சுடன் செய்த வணிக உடன்பாட்டாற் பிரெஞ்சுப் பட்டு வரியின்றி வந்து இறங்கவே, தறிகள் நின்றன. நெசவாளர் கூட்டங் கூட்டமாய் ஊரைவிட்டுப் போயினர். நம் நாட்டின் ஏற்றுமதிப் பண்டங்களில் முதலிடம் ஆடைக்கு. அதைத் தைப்போருட் பெரும்பாலார் பெண்கள். நம் கிழக்கு ஊர்களிலிருந்தும் எத்தனையோ பெண்கள் தென்பகுதித் தொழிற்சாலைகளுக்குச் சென்று, நாள்முழுதும் நின்றும் இருந்தும், கண்காணாத தேசத்துப் பெண்ணொருத்தியின் உள்ளாடைக்குப் பின்னற் கரை வைத்துத் தைக்கிறார்கள். மெல்லிய பொருளைச் செய்யும் கை மெல்லியதாக இருப்பதில்லை. படம் பார்க்கும்போது அக்கையையும் நினைத்துக்கொள் என்றேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, தன் சட்டையின் பின்னற் கரை கடையில் வாங்கியதன்று, அம்மம்மா கொக்கி ஊசியாற் பின்னியது என்றாள்.

அதை யான் கவனித்திருக்கவில்லை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த தமக்கையார் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மணமாகும் முன் அவர் எங்கள் வீட்டுத் தலையணை உறைகளுக்கெல்லாம் அந்தப் பின்னல் செய்ததுண்டு. 1990 க்குப் பின் அவர் கையில் ஊசி கண்டதாக எனக்கு நினைவில்லை.

புறப்படும்போது பேர்த்தி, பட்டணம் போனால் இரண்டு யார் சற்றின் றிபன் வாங்கிவரும்படி சொன்னாள். அகலம் ஓர் அங்குலம், நிறம் இளஞ்சிவப்பு, மினுக்கம் கூடாது என்று கட்டளையும் இட்டாள். படலையைத் திறந்த என்னைத் தமக்கையார் கூப்பிட்டார்.

"தம்பி, வரக்குள்ள எனக்கும் ஒரு முழம் வாங்கிட்டு வா."

"என்ன நிறம் அக்கா?"

அவர் சிறிது யோசித்தார். "கத்தரிப்பூ நிறம் இருந்தாப் பார்" என்றார்.

சனிக்கிழமை மட்டக்களப்புக் கடைத்தெருவில் ஒரு பழைய தையற்பொருட் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் என்னிடம் படித்தவர். "பாடசாலை வெள்ளைதானே சேர்?" என்று சொல்லிக்கொண்டே சுருளை எடுத்துவிட்டார். அதை வைக்கச் சொல்லி, இளஞ்சிவப்பில் இரண்டு யார் கேட்டேன். மேசை விளிம்பில் அறைந்திருந்த பித்தளை அளவுகோலில் வைத்து வெட்டினார். பிறகு கத்தரிப்பூ நிறம் கேட்டேன். மேற்றட்டிலிருந்த பெட்டியைத் தூசி தட்டி இறக்கினார்.

"இதெவ்வளவு சேர்?"

"ஒரு முழம்."

"இதும் பேத்திக்குத்தானே?"

"இல்லை, அக்காவுக்கு" என்றேன்.